பிரைஸ்: விலை, புகழ், கொள்ளை

பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பிள்ளை ‘ஃபர்ஸ்ட் பிரைஸ்’ வாங்கியது என்கிறோம். துணிக்கடையில் ‘பிரைஸ் என்ன’ என்று கேட்கிறோம். லாட்டரிச் சீட்டு புழக்கத்தில் இருந்தபோது ‘பிரைஸ் அடித்தது’ என்றோம். பரிசுக்கும் விலைக்கும் தமிழ் எழுத்தில் ஒரே வடிவம். ஆங்கிலம் நன்கறிந்தவர் இதை நம் எழுத்தின் குறை என்பார். விலையைக் குறிக்கும் சொல்லின் கடைசி ஒலி வேறு, பரிசைக் குறிக்கும் சொல்லில் அதிர்ந்து முடியும் ஒலி வேறு, அந்த அதிர்வைக் காட்டத் தமிழில் எழுத்து இல்லை என்று விளக்குவார். இன்றைய ஆங்கிலத்துக்கு அது சரிதான். ஆனால் ஆங்கிலமே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இரண்டையும் ஒரே சொல்லாக வைத்திருந்தது. பின்னர்தான் ஓரெழுத்தை மாற்றிப் பாகம் பிரித்தது. பரிசு மனமுவந்து தரும் கொடை, விலை சந்தைக் கணக்கு, இரண்டும் எதிரெதிர் என்ற நம் பொதுவான எண்ணம் அந்தப் பாகப்பிரிவினைக்குப் பின் வந்தது. சொல்லின் முழு வரலாற்றையும் விரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எந்தக் கிளையைத் தொட்டாலும் நடுவே ஒரு மதிப்பீட்டாளர் நிற்கிறார். அவர் பொருளை எடைபோடுகிறார், அல்லது ஆளை அளக்கிறார், அல்லது கைப்பற்றியது செல்லுமா செல்லாதா என்று சொல்கிறார். பரிசு கொடையைவிடத் தீர்ப்புக்கே நெருங்கிய உறவு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். கொடை கொடுப்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. தீர்ப்புச் சொல்பவர் சொல்லியாக வேண்டும்.

சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் ‘ப்ரெத்தியும்’. விலை, மதிப்பு, கூலி, கைம்மாறு எல்லாவற்றுக்கும் ரோமர்கள் இந்த ஒரு சொல்லையே வைத்திருந்தார்கள். ஒப்பியல் மொழியறிஞர்களில் ஒரு சாரார் இதை வடமொழியின் ‘ப்ரதி’யோடு உறவுபடுத்துவர். ஒன்றுக்கு எதிரே வைக்கப்படுவது, ஈடாக நிற்பது என்பது அதன் உட்பொருள். பிரதிபலன், பிரதியுபகாரம் என்று நாம் சொல்லும்போது தொனிக்கும் அதே பொருள்தான். இலத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சுக்கும், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அவர்கள் பேச்சு வழியாக ஆங்கிலத்துக்கும் சொல் வந்து சேர்ந்தது. 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது ஒரு பொருளின் விலையையும், ஒரு மனிதரின் மேன்மையையும், அவருக்குக் கிடைக்கும் புகழ்ச்சியையும், வென்றவர் எடுத்துச் செல்வதையும் சேர்த்தே குறித்தது. ‘மதிப்பிடு’ என்ற அதன் வினை வடிவம்தான் பிறகு ‘ப்ரெய்ஸ்’ ஆகி, புகழ்தல் என்ற பொருளில் தனிக்குடித்தனம் போனது. இந்தக் குடும்பத்தின் மற்றப் பிள்ளைகளையும் நாம் அறிவோம். அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ‘அப்ரைசல்’ அதில் ஒன்று. நகைக்கடன் தரும் வங்கியில் வளையலை உரைத்துப் பார்த்துத் தொகை சொல்லும் ‘அப்ரைசர்’ இன்னொருவர். தங்கத்தை உரைப்பவரும் ஊழியரை உரைப்பவரும் விழா மேடையில் பரிசு வழங்குபவரும் ஒரே வேரிலிருந்து வந்த வேலையைத்தான் செய்கிறார்கள்.

பிரிவு எப்போது நேர்ந்தது என்பதற்கு அச்சுச் சான்றுகள் உண்டு. 1567இல் முதலாம் எலிசபெத் அரசி, துறைமுகங்களைச் சீரமைக்கவும் பிற பொதுப்பணிகளுக்கும் பணம் திரட்ட ஒரு மாபெரும் குலுக்கலை அறிவித்தார். ஒரு சீட்டு 10 ஷில்லிங், மொத்தம் 4,00,000 சீட்டுகள், முதல் பரிசின் மதிப்பு 5,000 பவுன். அதில் ஒரு பகுதி ரொக்கம், மீதி வெள்ளிப் பாத்திரங்களும் திரைச்சீலைகளும் துணிகளும். அந்த அறிவிப்புத் தாளின் தலைப்பில் ‘நல்ல பரிசுகள்’ என்று வரும் இடத்தில் அச்சாகியிருப்பது, இன்று விலையைக் குறிக்க எழுதும் அதே எழுத்துக்கூட்டல். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் விவிலியத்தின் முதல் பதிப்பிலும் இதைக் காணலாம். பந்தயத்தில் ஓடுகிறவர்கள் பலர், பந்தயப் பொருளைப் பெறுபவர் ஒருவரே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதும் இடத்தில், இன்றைய ஆங்கில வாசகருக்கு ‘விலை’ என்று தோன்றும் சொல்லே இருக்கிறது. பிற்கால அச்சகத்தார்தான் எழுத்தை மாற்றினார்கள். பரிசுக்குத் தனி எழுத்துக்கூட்டல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைகாட்டி, அடுத்த நூற்றாண்டில் மெல்ல ஊன்றியது. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன்வாசிக்கு, விலையும் பரிசும் வேறு என்பது எழுத்தைப் பார்த்துத் தெரியும் செய்தியாக இன்னும் ஆகியிருக்கவில்லை.

ஆங்கிலம் பிரித்ததை அண்டை மொழிகள் பிரிக்கவே இல்லை. பிரெஞ்சில் காய்கறிக் கடையின் விலைப்பலகையில் எழுதியிருப்பதும் ‘ப்ரீ’, 1903 முதல் நாவலாசிரியருக்குத் தரப்படும் கோன்கூர் விருதும் ‘ப்ரீ’. கார்ப் பந்தயச் செய்திகளில் நாம் படிக்கும் ‘கிராண்ட் ப்ரீ’க்குப் பெரும் பரிசு என்று பொருள். 1906இல் லெ மான் நகரில் நடந்த முதல் பந்தயத்திலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் மொழிகளிலும் இதே சொல்தான், இதே இரட்டைப் பொருள்தான். ஆல்ஃபிரட் நோபல் 1895 நவம்பர் 27 அன்று பாரிசில் கையெழுத்திட்ட உயிலில், மனிதகுலத்துக்கு மிகுந்த நன்மை செய்தவர்களுக்கு ஆண்டுதோறும் பங்கிட வேண்டிய தொகைக்கு அவர் எழுதிய சுவீடிஷ் சொல், விலையையும் குறிக்கும் ‘ப்ரீஸ்’ என்பதையே முன்னொட்டாகக் கொண்டது. உலகிலேயே மிக மதிப்பான பரிசு, தன் தாய்மொழியில் விலையோடு பெயரைப் பகிர்ந்துகொள்கிறது. அதனால் சுவீடன்காரர் எவரும் அதைக் குறைத்து எண்ணுவதில்லை. விலை என்ற சொல்லைக் கேட்டாலே பரிசின் தூய்மை கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் இந்த ஒரு செய்தியை நின்று யோசிக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது பாதிக் கதை. ஆங்கிலத்தில் இன்னொரு ‘பிரைஸ்’ உண்டு. அதன் மூலம் ‘பிரெஹெண்டெரே’, அதாவது பிடி, பற்று, கைக்கொள் என்ற இலத்தீன் வினை. ‘பிரிசன்’ என்ற சிறையும், பகைவர் செய்ததற்குப் பதிலாகக் கைப்பற்றுவதைக் குறித்த ‘ரிப்ரைசல்’ என்ற பழிவாங்கலும் அந்த வினையின் வழிவந்தவை. பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்து, 16ஆம் நூற்றாண்டில் கடற்போரில் கைப்பற்றிய பகைவர் கப்பலின் பெயராக இது நிலைத்தது. அப்படிப் பிடிபட்ட கப்பல்தான் ‘பிரைஸ்’. அதை ஓட்டிவர அனுப்பும் மாலுமிகள் ‘பிரைஸ் க்ரூ’. சரக்கை விற்றுப் பங்கிடும் தொகை ‘பிரைஸ் மனி’. 1914 செப்டம்பரில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்து, நம் பேச்சில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வங்கக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் செய்ததும் இந்தத் தொழில்தான். பியூரெஸ்க் என்ற பிரிட்டிஷ் நிலக்கரிக் கப்பலைப் பிடித்து, தன் ஆட்களை ஏற்றி, பிரைஸாகக் கூடவே ஓட்டிச் சென்றது.

இது வெறும் கொள்ளை, இதில் மதிப்பீட்டாளர் எங்கே வந்தார் என்ற கேள்வி எழும். என் வாதத்துக்கு வலுவான சான்று கிடைப்பது இந்த இடத்தில்தான். கப்பலைப் பிடித்த மாத்திரத்தில் அது பிரைஸ் ஆகிவிடாது. அட்மிரால்டி நீதிமன்றத்தின் முன் அதைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கப்பலின் ஆவணங்களையும் சரக்குப் பட்டியலையும் கடிதங்களையும் நீதிபதி பார்வையிடுவார். கப்பல் உண்மையில் பகைவருடையதா, நடுநிலை நாட்டு வணிகருடையதா, பிடித்தவரிடம் அரசின் உரிமைப் பத்திரம் இருந்ததா என்று விசாரிப்பார். ‘செல்லும்’ என்று அவர் தீர்ப்பளித்த பிறகுதான் ஏலம், பிறகுதான் பங்கு. செல்லாது என்றால் கப்பலைத் திருப்பித் தர வேண்டும், சில வேளைகளில் நட்ட ஈடும் சேர்த்து. இந்தத் தீர்ப்பைப் பெறாமல் பங்கிட்டுக் கொண்டவர் கடற்கொள்ளையர், அவருக்குத் தூக்குமேடை. நெப்போலியன் காலத்துப் போர்களில் இந்த நீதிமன்றத்தில் அமர்ந்த வில்லியம் ஸ்காட் எழுதிய தீர்ப்புகள் சர்வதேசச் சட்ட நூல்களில் இன்றும் மேற்கோளாக வருகின்றன. பிடித்தவருக்கும் கொள்ளையருக்கும் நடுவே இருந்த ஒரே வேலி, காரணம் காட்டி எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பு. பணமோ சிறிதல்ல. 1762இல் ஹெர்மியோன் என்ற ஸ்பானியக் கப்பலைப் பிடித்தபோது கிடைத்தது 5,00,000 பவுனுக்கும் மேல். இரண்டு கேப்டன்களுக்குத் தலா சுமார் 65,000 பவுன். சாதாரண மாலுமிக்கு 480 பவுனுக்கு மேல், அவருடைய பல பத்தாண்டுச் சம்பளம் அது.

தரைப்போரிலும் இதே முறையைக் கொண்டுவந்தபோது என்ன நடந்தது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1799 பிப்ரவரியில் ஜெனரல் ஜார்ஜ் ஹாரிசின் தலைமையில் சென்னைப் படை வேலூரிலிருந்து புறப்பட்டது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு சுல்தான் மாண்டார். அன்றிரவு முழுக்கப் படையினர் நகரைச் சூறையாடினார்கள். மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆனவர், கசையடியாலும் தூக்குத் தண்டனையாலும் அதை அடக்கினார். அதே வாரத்தில் ‘பிரைஸ் கமிட்டி’ ஒன்று கூடி, அதே அரண்மனையின் அதே பொன்னையும் மணியையும் கணக்கெடுத்துப் பங்கிடத் தொடங்கியது. குழுவின் கையால் எடுத்தால் பிரைஸ், தன் கையால் எடுத்தால் குற்றம். திப்புவின் புலி அரியணையைக் கமிட்டியின் முகவர்கள் துண்டு துண்டாக வெட்டினார்கள், பங்கிடுவதற்குத் துண்டுதான் வசதி. தலைமை ஆளுநர் ரிச்சர்ட் வெல்லெஸ்லி அதை முழுதாக லண்டனுக்கு அனுப்ப எண்ணியிருந்தார், செய்தி அறிந்து வருந்தினார். பொன்தகடு போர்த்திய புலித்தலையும் மணிகள் பதித்த ஹுமா பறவையும் இன்று வின்சர் அரண்மனைச் சேகரிப்பில் உள்ளன. அரியணையின் சிறு புலித்தலைகளில் ஒன்று, அப்போது சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ் குடும்பத்தின் வழியே வேல்ஸின் பவிஸ் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. பங்கீட்டில் ஹாரிசுக்கு 1,40,000 பவுனுக்கு மேல், சிப்பாய்க்குச் சில பவுன்கள். ஹாரிஸ் தமக்குரிய பங்கைப்போல இருமடங்கு எடுத்துக்கொண்டார் என்று கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் குற்றம் சாட்டினார்கள். வழக்கு ப்ரிவி கவுன்சில் வரை நீண்டது, முடிவு அவர் பக்கமே அமைந்தது. அதே போருக்காகக் கம்பெனி பதக்கமும் அடித்தது. சிங்கம் புலியை வீழ்த்தும் உருவம் பொறித்த அந்தப் பதக்கம் உயரதிகாரிகளுக்குப் பொன்னிலும், படிப்படியாகத் தாழ்ந்த உலோகங்களிலும், சிப்பாய்களுக்கு வெள்ளீயக் கலவையிலும் தரப்பட்டது. ஒரே வெற்றியிலிருந்து கொள்ளைப் பங்கும் கௌரவப் பதக்கமும் பிறந்தன. இரண்டிலும் ஒரே படிவரிசை. இந்தக் கமிட்டி தீர்ப்புச் சொன்னது உண்மை. ஆனால் தீர்ப்புச் சொன்னவர்களே பங்குதாரர்கள். கடல் நீதிமன்றத்தில் இருந்த வேலி இங்கே பெயரளவில்தான் இருந்தது.

மொழியறிஞர் ஒருவர் இந்த இடத்தில் மறுப்பார். பரிசைக் குறிக்கும் சொல்லும் பிடியைக் குறிக்கும் சொல்லும் வேறு வேறு வேர் கொண்டவை, காலப்போக்கில் ஒலி ஒன்றியதால் ஒன்றாகத் தோன்றுகின்றன, அகராதியும் இரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே பதிகிறது, தற்செயலான ஒற்றுமையை வைத்து வாதம் கட்டலாமா என்பார். வேர்கள் வேறு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சந்திப்பு ஆங்கிலத்தின் தற்செயல் மட்டுமாக இருந்திருந்தால் மற்ற மொழிகளில் இருக்கக் கூடாது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் விலைக்கு ஒரு சொல், பரிசுக்கு ‘ப்ரேமியோ’ என்ற வேறு சொல். இந்த ப்ரேமியோவின் மூலம் இலத்தீனின் ‘ப்ரேமியும்’. முன் என்பதையும் எடு என்பதையும் சேர்த்துக் கட்டிய சொல் அது. பிறருக்கு முன்னே எடுத்துக்கொள்வது, போர்க்கொள்ளையில் முதல் பங்கு என்பதே அதன் பழைய பொருள். நாம் காப்பீட்டுக்குக் கட்டும் ‘பிரீமியம்’ அதன் வழிவந்ததுதான். 1754இல் லண்டனில் தொடங்கிய கலைகள் சங்கம் புதிய கண்டுபிடிப்புகளுக்கு அறிவித்த பரிசுகளுக்கும் பிரீமியம் என்றே பெயர். ஆக ஆங்கிலத்தில் ஒலி மாற்றத்தால் சேர்ந்த இரண்டு பொருள்கள், இலத்தீனில் வேறொரு சொல்லுக்குள் இயல்பாகவே சேர்ந்திருந்தன. பரிசு என்ற கருத்திலேயே அளத்தலும் எடுத்தலும் அருகருகே இருந்தன என்று கொள்வதுதான் பொருத்தம்.

இலத்தீனுக்கும் முந்திய கிரேக்கச் சான்று இதை உறுதிசெய்கிறது. ஹோமரின் இலியட் 23ஆம் காண்டத்தில், மாண்ட நண்பன் பாட்ரோக்லசின் நினைவாக அகிலிஸ் விளையாட்டுகள் நடத்துகிறான். மற்போரில் வென்றவனுக்கு முக்காலிக் கொப்பரை, அது 12 எருதுகள் பெறும். தோற்றவனுக்கு ஒரு பெண், அவள் 4 எருதுகள் பெறுவாள். பரிசோடு விலையும் அங்கேயே அறிவிக்கப்படுகிறது. அந்தப் பெண் போரில் பிடிபட்டவள், கொப்பரையில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு எண்ணப்பட்டவள். கவிதையின் பேரழகை எவ்வளவு போற்றினாலும் இந்த வரிசையை அமைதியாகப் படித்துக் கடக்க முடிவதில்லை. அதே காண்டத்தில் தேர்ப்பந்தயம் முடிந்ததும் வழக்காடல் எழுகிறது. கடைசியாக வந்த யூமெலஸ் உண்மையில் சிறந்த தேரோட்டி, தேர் உடைந்ததால் பின்தங்கினான், இரண்டாம் பரிசை அவனுக்கே தரலாம் என்கிறான் அகிலிஸ். இரண்டாவதாக வந்த ஆண்டிலோகஸ், இது எனக்கு உரியது, அவனுக்கு இரங்கினால் உன் கூடாரத்திலிருந்து வேறெதையாவது எடுத்துக்கொடு என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். அகிலிஸ் சிரித்து ஒப்புக்கொள்கிறான். பிறகு ஆண்டிலோகஸ் குறுக்கே ஓட்டி ஏமாற்றினான் என்று மெனெலாஸ் எழுந்து சத்தியம் கேட்கிறான். எஞ்சிய ஐந்தாம் பரிசு, போட்டியிலேயே கலந்துகொள்ளாத முதியவர் நெஸ்டருக்கு மரியாதையாகப் போகிறது. பரிசு என்பதன் எல்லாச் சிக்கல்களும் சில நூறு வரிகளுக்குள் வந்துவிட்டன. ஆண்டிலோகஸ் வகுத்த வேறுபாடு மிக நுட்பமானது. இரக்கத்தால் தருவதை உன் பையிலிருந்து கொடு, பரிசைத் தகுதிப்படி கொடு என்கிறான் அவன். கொடையும் பரிசும் பிரியும் கோடு அதுதான்.

பரிசுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு சொல் ‘அவார்டு’. இது நேரடியாகவே தீர்ப்பு என்று பொருள்படுவது. கூர்ந்து பார், பார்த்து முடிவு செய் என்ற பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்து, ஆங்கிலச் சட்ட வழக்கில் நடுவர் தரும் முடிவைக் குறித்தது. நம் நாட்டில் அந்தப் பழம்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்கும்போது இழப்பீட்டை நிர்ணயித்து அதிகாரி பிறப்பிக்கும் ஆணைக்கு, 1894ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவார்டு என்றே பெயர், அதன் இடத்துக்கு வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே. வங்கி எழுத்தர்களை ‘அவார்டு ஸ்டாஃப்’ என்பதற்குக் காரணமும் இதுதான். 1953இன் சாஸ்திரி அவார்டும் 1962இன் தேசாய் அவார்டும் தொழில் தீர்ப்பாயங்கள் அவர்களது ஊதியத்தை நிர்ணயித்து அளித்த தீர்ப்புகள். நிலம் இழந்த விவசாயி அவார்டு போதாது என்று நீதிமன்றம் போகிறார், அதில் வியப்பில்லை. திரைப்பட அவார்டைப் பற்றி ஒருவர் கேள்வி எழுப்பினால் மட்டும் பொறாமை என்கிறோம். சொல்லும் செயலும் ஒன்றாயிருக்க, இரண்டாவது கேள்விக்கு மட்டும் வாய்ப்பூட்டு போடுவது எப்படி நியாயம்?

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைத் தீர்மானிக்காது. ‘நாற்றம்’ என்பது ஒரு காலத்தில் நறுமணம், இன்று அந்தப் பொருளில் அதைச் சொன்னால் சண்டை வரும். அதுபோல, பிரைஸ் ஒரு காலத்தில் விலையாகவோ கொள்ளையாகவோ இருந்தது என்பதற்காக இன்றைய பரிசை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை என்பது அந்த மறுப்பு. வேரை மட்டும் நான் நம்பியிருந்தால் இதற்குப் பதில் இல்லை. ஆனால் பரிசு வழங்கும் நிறுவனங்களின் இன்றைய நடைமுறையே தீர்ப்பின் இலக்கணத்தைப் பின்பற்றுகிறது. 1958இல் சோவியத் அரசின் நெருக்குதலால் ரஷ்ய எழுத்தாளர் பாஸ்டர்நாக் இலக்கிய நோபலை மறுக்க நேர்ந்தது. 1964இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர், எழுத்தாளன் தன்னை ஒரு நிறுவனமாக மாற்ற விடக் கூடாது என்று தன் விருப்பப்படியே மறுத்தார். இரு முறையும் சுவீடிஷ் அகாதெமி, மறுப்பால் பரிசின் செல்லுபடி மாறாது என்ற நிலையையே எடுத்தது. இன்றும் வெற்றியாளர் பட்டியலில் இருவர் பெயரும் உண்டு. கொடையாக இருந்தால் இது பொருந்தவே பொருந்தாது, வாங்க மறுத்த கொடை கொடையாக முடிவதில்லை. தீர்ப்போ யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவர் ஏற்காவிட்டாலும் நிற்கும். சார்த்தருக்குப் பணம் போகவில்லை, பரிசு போனது.

மறுப்பு என்பதைப் பேசும்போது புறநானூற்றின் பெருஞ்சித்திரனாரை நினைக்காமல் இருக்க முடியாது. அதியமானைத் தேடி மலைகள் பல கடந்து வந்த புலவரை நேரில் காணாமலே அவன் பொருளைக் கொடுத்தனுப்ப, அவர் அதை ஏற்கவில்லை. பார்க்காமல் தந்ததைப் பெற்றுப்போகத் தான் வணிகம் செய்யும் பரிசிலன் இல்லை, தகுதியை அறிந்து தந்தால் தினையளவும் போதும் என்பது அவர் நிலை. ஐரோப்பியச் சொல்லோடு இதற்கு வேர் உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் அவர் கேட்டது இங்கே தேடும் அதே பொருளைத்தான். தொகை பெரிதா என்று அவர் பார்க்கவில்லை, தன்னை அளந்தார்களா என்று பார்த்தார். அளக்காமல் தரும் பெருந்தொகை வெறும் விலை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்னவரை நான் படித்ததில்லை.

லாட்டரியைக் காட்டி மறுப்பவரும் உண்டு. அங்கே யாரையும் யாரும் அளப்பதில்லை, தகுதி என்ற பேச்சே இல்லை, ஆனாலும் அது பிரைஸ்தானே என்பார்கள். உண்மை. 1567இன் அறிவிப்பிலேயே அந்தப் பொருள் வந்துவிட்டது. மதிப்புக் கட்டப்பட்ட ஒரு பொருள் என்ற பழைய அர்த்தத்தில் அது விலையின் நேர் வாரிசு. ஆனால் மனிதத் தீர்ப்பை அகற்றிய இடத்தில் என்ன வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எலிசபெத்தின் குலுக்கல் 1569 ஜனவரி முதல் மே வரை, லண்டனின் புனித பவுல் பேராலயத்தின் மேற்கு வாசலில் ஊரறிய நடந்தது. தமிழ்நாட்டில் 1968இல் தொடங்கி 2003இல் தடைசெய்யப்படும் வரை இருந்த பரிசுச்சீட்டிலும் எண்களை வெளிப்படையாகக் குலுக்கி நாளிதழ்களில் அச்சிட்டார்கள். தகுதியை ஆராயாத இடத்தில்கூட எல்லோரும் பார்க்க நடத்தும் கடமை போகவில்லை. லாட்டரியால் கெட்ட குடும்பங்கள் எத்தனையோ, அதைப் புகழ நான் வரவில்லை. ஆனால் குருட்டு அதிர்ஷ்டத்துக்கே இவ்வளவு வெளிச்சம் தேவைப்பட்டது என்றால், அறிவோடு தேர்ந்தெடுப்பதாகச் சொல்லும் குழு மூடிய அறைக்குள் முடித்துவிட்டுப் பெயரை மட்டும் அறிவிப்பதை எந்த முறையில் ஏற்பது? நோபல் குழுக்கள் பரிந்துரைகளையும் ஆய்வுக் குறிப்புகளையும் 50 ஆண்டுகள் பூட்டி வைக்கின்றன. உயிரோடிருப்பவரைப் பற்றி நடுவர்கள் அஞ்சாமல் எழுத அது உதவும் என்ற விளக்கத்தில் நியாயம் இருக்கிறது. அவர்களும் ஒரு நாள் திறந்துகாட்டும் கடமையை ஏற்றுத்தான் பூட்டுகிறார்கள். பூட்டவே ஏடு இல்லாமல் முடிவெடுக்கும் எண்ணற்ற பரிசுக் குழுக்களுக்கு அந்த விளக்கம் பொருந்தாது.

தீர்ப்பு கிடைத்தும் பணத்தை வாங்காதவர் சார்த்தர். அதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடந்தது. நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுன் வரை தருவதாக 1714இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. முடிவு அரை பாகைக்குள் அமைந்தால் 20,000, மூன்றில் இரண்டு பாகைக்குள் 15,000, ஒரு பாகைக்குள் 10,000. அளவும் விலையும் முன்கூட்டியே எழுதப்பட்ட, அந்த வகையில் முன்மாதிரியான பரிசு. யார்க்ஷயரைச் சேர்ந்த தச்சர் மகன் ஜான் ஹாரிசன் தன் வாழ்நாளைக் கடிகாரங்களில் செலவிட்டார். அவருடைய நான்காவது கடிகாரம், 1761 நவம்பரில் தொடங்கிய ஜமைக்கா பயணத்திலும் 1764இன் பார்படோஸ் பயணத்திலும் வேண்டிய அளவைத் தாண்டிய துல்லியம் காட்டியது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய தீர்க்கரேகை வாரியத்திலோ, நிலவின் தொலைவை அளந்து கணிக்கும் போட்டி முறையை முன்னெடுத்த நெவில் மாஸ்கலின் 1765இல் அரச வானியலாளராகி உறுப்பினர் ஆனார். அவர் நேர்மையற்றவர் என்று சொல்லச் சான்றில்லை, பெரிய அறிஞர். ஆயினும் போட்டியில் ஒரு பக்கம் நின்றவர் நடுவர் இருக்கையில் அமர்ந்த குறை அது. வாரியம் 10,000 பவுனைப் பல நிபந்தனைகளோடு கொடுத்தது, மீதிக்கு மேலும் மேலும் சோதனை கேட்டது. முதியவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் முறையிட்டார். மன்னர் ஐந்தாவது கடிகாரத்தைத் தம் சொந்த வானாய்வகத்தில் வைத்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். 1773இல் நாடாளுமன்றம் தலையிட்டு 8,750 பவுன் வழங்கியது. அப்போது ஹாரிசனுக்கு 80 வயது. சிறுகச் சிறுக வந்ததையெல்லாம் கூட்டினால் சட்டம் சொன்ன தொகையை அவர் அடைந்துவிட்டார். 1776இல் அவர் இறக்கும்வரை அவருக்கு வராதது ஒன்றுதான்: ஹாரிசன் வென்றார் என்று வாரியம் எழுதிக் கையெழுத்திட வேண்டிய தீர்ப்பு.